714 ரூபாய் யாருக்குக் காவல்?

விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்து இன்சூரன்ஸ் இல்லாமலே ஓடச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தப் பேருந்துக்கு வழிவிட்டு மண்ணோரத்தில் இறங்கி நிற்கும் டி.வி.எஸ். எக்ஸெல் வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு, சாலைக்கு வரும் எந்த மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. இழப்பீடு கொடுக்கத் தனி நிதியம் வைத்திருந்தால் மாநிலப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு அரசு விலக்கு தரலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. காகிதத்தில் இது நியாயமான ஏற்பாடு. நடப்பு வேறு. தீர்ப்பாயம் தொகையை விதிக்கும்; கழகம் கட்டாது; பாதிக்கப்பட்ட குடும்பம் நிறைவேற்று மனு போடும்; கடைசியில் கோர்ட் அமீனா பேருந்து நிலையத்துக்கே வந்து கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டி பஸ்ஸை ஜப்தி செய்வார். இடம் பிடித்து உட்கார்ந்திருந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ் தேடுவார்கள். தமிழ்நாட்டு நாளிதழ் படிப்பவர்கள் யாருக்கும் இந்தச் செய்தி புதிதாக இருக்காது.

இதைச் சொல்லிவிட்டு, "பஸ்ஸுக்கே இல்லாத சட்டம் ஏழை மொபெட்காரனுக்கு மட்டும் எதற்கு?" என்று கேட்டு முடித்துவிடலாம். டீக்கடையில் அந்தக் கேள்விக்கு மதிப்பு உண்டு. வாதமாக எடுத்து நிறுத்தினால் நிற்காது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் எக்ஸெல் வண்டி ஒன்று, ரோட்டைக் கடக்கும் மூதாட்டியை இடித்துத் தள்ளுகிறது என்று வையுங்கள். இடித்தவரும் ஏழை, விழுந்தவரும் ஏழை. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் தீர்ப்பாயம் விதிக்கிற லட்சங்களை வண்டிக்காரர்தான் கட்டவேண்டும். அவரிடம் இருப்பது அரை ஏக்கர் மணிலா கொல்லை. கொல்லை ஏலத்துக்கு வரும், அல்லது மூதாட்டியின் குடும்பத்துக்கு ஒன்றும் வராது. பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி.க்குள் உள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம், 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, வரி நீங்கலாக ஆண்டுக்கு 714 ரூபாய். 99.7 சி.சி. எக்ஸெல் 100 இந்த வகுப்பில்தான் வருகிறது. பழைய எக்ஸெல் சூப்பருக்கு 538. ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய்க்கும் குறைவு. கட்டாயக் காப்பீடு ஏழைக்கு எதிரானது என்ற வாதத்தை இந்த இடத்திலேயே தள்ளிவிடலாம் என்பது என் கணிப்பு.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 714 ரூபாய் யாரைக் காப்பாற்றுகிறது, யாரை விட்டுவிடுகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

நாட்டில் 2022-இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர், அதாவது நூற்றுக்கு நாற்பத்து நான்குக்கும் மேல், இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அந்த ஆண்டில் விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம், 17,884 சாவு. இருசக்கர வண்டி அதிகம் கொல்வது அதில் ஏறியவர்களைத்தான். சட்டம் கட்டாயமாக்கிய காப்பீடோ வண்டிக்கு வெளியே இருப்பவருக்கானது. வெளியே நடந்து போகிறவருக்கு ஈடு உண்டு; எதிரே மோதிய வண்டியின் மீது தவறு இருந்தால் அந்த வண்டியின் இன்சூரன்ஸ் நமக்குக் கொடுக்கும். ஆனால் நம் வண்டி தானாகச் சறுக்கினால்? மாடு குறுக்கே வந்தால்? ஓட்டியவர் தூங்கி விழுந்தால்?

பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியின் நிலையைப் பாருங்கள். இலவசமாகப் பின்னால் ஏறிவரும் ஆள் சட்டம் கட்டாயப்படுத்தும் பாலிசிக்குள் வரமாட்டார் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வண்டிச் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் பேக்கேஜ் பாலிசியாக இருந்தால் பின்னால் இருப்பவருக்கும் உண்டு என்று 2012-இல் இன்னொரு தீர்ப்பு தெளிவுபடுத்தியது. ஐந்து வருடம் கடந்த எக்ஸெல்லுக்குக் கிராமத்தில் யார் பேக்கேஜ் போடுகிறார்கள்? "சும்மா போலீஸுக்குக் காட்ட ஒண்ணு போட்டுக் கொடுங்க" என்று கேட்டு வாங்குவது மூன்றாம் நபர் பாலிசிதான். ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் குடும்பத்தையே ஏற்றிச் செல்லும் வண்டியில், பின் சீட்டு காப்பீட்டுக்கு வெளியே இருக்கிறது.

சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஓட்டையை ஒரு முறை தொட்டது. 2021 ஆகஸ்டில் வந்த ஓர் உத்தரவு, புது வண்டிகளுக்கு ஓட்டுநர், பயணி, உரிமையாளர் எல்லாரையும் சேர்த்து ஐந்தாண்டுக்கு முழுக் காப்பீடு கட்டாயம் என்றது. பத்திரிகைகள் அதை 'பம்பர் டு பம்பர்' தீர்ப்பு என்று எழுதின. வண்டி விற்பவர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் நடைமுறைச் சிக்கலைச் சொல்ல, செப்டம்பரிலேயே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. சட்டம் இயற்றும் மன்றம் செய்யவேண்டியதை நீதிமன்றம் ஒரே உத்தரவில் செய்ய முயன்றது, அதனால் நிற்கவில்லை. ஆனால் அது காட்டிய ஓட்டை அப்படியே இருக்கிறது.

சரி, ஓட்டுகிறவருக்கு? அவருக்கென்று 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. முன்பு இருசக்கர வண்டிக்கு இது 1 லட்சமாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பை ஒட்டி, 2018-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உயர்த்தியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பதினைந்து லட்சம் கைக்கு வர மூன்று பூட்டுகளைத் திறக்கவேண்டும். ஆர்.சி. அவர் பெயரில் இருக்கவேண்டும். பாலிசி அவர் பெயரில் இருக்கவேண்டும். செல்லத்தக்க லைசென்ஸ் வேண்டும்.

நம் பக்கத்து வண்டிகளில் மூன்றும் ஒத்து வருபவை எத்தனை? செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி பழைய முதலாளி பெயரிலேயே நாலு வருடம் ஓடும். வானூர், கோட்டக்குப்பம் பக்கம் பார்த்தால், வரி குறைவு என்று புதுச்சேரிச் சொந்தக்காரர் முகவரியில் பி.ஒய். நம்பர் வாங்கியிருப்பார்கள். அண்ணன் வண்டியைத் தம்பி எடுப்பான். மாமனார் வண்டியை மருமகன் எடுப்பார். இரவல் வண்டியில் போனவர் மாட்டு வண்டியில் மோதி இறந்த ஒரு கர்நாடக வழக்கில், வண்டியை இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர், அவரை மூன்றாம் நபராகக் கொள்ள முடியாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நம் ஊரில் வண்டி என்பது வீட்டுக்குப் பொதுச் சொத்து. பாலிசிக்கோ அது ஒரே ஆளின் சொத்து. பெயர் மாற்றாமல் வண்டியை விற்றவருக்கும் நிம்மதி இல்லை. எத்தனை கை மாறினாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பாலிசித் தாளில் இன்னொரு வரி இருக்கிறது. பலர் படித்திருக்க மாட்டார்கள், எழுத்தும் அவ்வளவு சிறியது. தனியார் இருசக்கர வண்டிப் பாலிசியில், பயன்பாட்டு வரம்பு என்ற தலைப்பில், வாடகைக்கு விடுவதும் பந்தயத்துக்கு ஓட்டுவதும் விலக்கப்பட்டிருக்கும். அவற்றோடு சரக்கு ஏற்றுவதும் விலக்கு. மாதிரிப் பொருளும் சொந்த மூட்டை முடிச்சும் மட்டும் ஏற்றலாம். இப்போது விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் காலை ஆறு மணிக்கு வரும் ஓர் எக்ஸெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பால் கேன், முன்னால் கால் வைக்கும் இடத்தில் தவிட்டு மூட்டை. இந்த வண்டியின் ஒரு ரகத்துக்குக் கம்பெனியே வைத்த பெயர் 'ஹெவி டியூட்டி'. சுமை ஏற்றத்தான் செய்கிறார்கள், சுமை ஏற்றத்தான் விற்கிறார்கள், சுமை ஏற்றத்தான் வாங்குகிறோம்; பாலிசி மட்டும் அதைச் சவாரி வண்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அடிபட்ட மூன்றாம் நபருக்குக் கொடுக்க வேண்டியதை இந்த வரியைக் காட்டி நிறுவனம் எளிதில் மறுக்க முடியாது. ஆனால் வண்டிச் சேதத்துக்கோ ஓட்டியவரின் விபத்துத் தொகைக்கோ போய் நிற்கும்போது பால்காரரின் முன்னால் இந்த வரியை எடுத்து வைக்க வழியிருக்கிறது.

இனி லைசென்ஸ். இதைப் போலீஸ் கேட்கும் அட்டையாக மட்டும் பார்ப்பது பெரிய தவறு. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம்; 2019 திருத்தச் சட்டத்தின் உயர்ந்த அபராதங்களைத் தமிழ்நாடு 2022 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஐயாயிரத்தைக் கண்டு பயப்படுகிறோம். அதற்குப் பின்னால் நிற்கும் கணக்கு இதைவிடப் பெரிது. 2004-ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லாவிட்டாலும் அடிபட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் முதலில் பணம் கொடுக்க வேண்டிவரும். உரிமையாளர் தெரிந்தே வண்டியைக் கொடுத்தார் என்று நிறுவனம் நிரூபித்தால், கொடுத்த பணத்தை அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும். பாதிக்கப்பட்டவரைக் காப்பாற்றிய அருமையான தீர்ப்பு. லைசென்ஸ் இல்லாத மகனுக்குச் சாவி கொடுத்த அப்பாவுக்கோ, இன்சூரன்ஸ் கட்டியும் கட்டாத நிலை. அதே தீர்ப்பு எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் வைத்திருப்பவரையும் உரிமம் உள்ளவராகவே ஏற்றுக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஓர் எல்.எல்.ஆர். எடுத்திருந்தால்கூட மிஞ்சியிருக்கும் சொத்துகள் உண்டு.

சட்டம் லைசென்ஸைக் கேட்பது சரி. கேட்கும் முறையில் காலம் உறைந்து கிடக்கிறது. பதினெட்டு வயது ஆகாதவர் ஓட்டக்கூடாது. ஆனால் 50 சி.சி.க்கு மிகாத வண்டியைப் பதினாறு வயதில் உரிமம் பெற்று ஓட்டலாம் என்கிறது 4-ஆம் பிரிவு. சட்டம் எழுதிய காலத்தில் இதற்குப் பொருள் இருந்தது. 1980-இல் வந்த டி.வி.எஸ். 50 ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. மிதித்துத்தான் ஸ்டார்ட் செய்யவேண்டும். இன்று கடைக்குப் போய் 50 சி.சி. பெட்ரோல் வண்டி கேட்டுப் பாருங்கள். மொபெட்டே நூறு சி.சி.க்கு வந்துவிட்டது. சலுகை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, அதற்குரிய வண்டி சந்தையில் இல்லை. பிளஸ் டூ படிக்கும் பிள்ளை ஸ்கூட்டியில் டியூஷன் போனால் 199ஏ பிரிவு பாயும்: பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பன்னிரண்டு மாதம் வண்டிப் பதிவு ரத்து, பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுவரை லைசென்ஸ் கிடையாது. தண்டனை கடுமையாக இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இருபத்தைந்து வயதுவரை லைசென்ஸ் இல்லை என்பது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை. அந்தப் பையன் ஏழு வருடம் வண்டியைத் தொடாமல் இருப்பானா? லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவான். அவன் இடிக்கும் ஆளுக்கும் அவனுக்கும் நடுவில் எந்தப் பாதுகாப்பும் உருப்படியாக இருக்காது.

அந்தப் பதினாறு வயதுச் சலுகையின் இடத்தைப் பேட்டரி வண்டி பிடித்துக்கொண்டது. மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம், கால் கிலோவாட்டுக்குக் குறைந்த திறன், குறித்த எடைக்குள் இருந்தால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமே ஆகாது. லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம், இன்சூரன்ஸும் வேண்டாம். லைசென்ஸ் வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்ளலாம். வேகம் சைக்கிளைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். இன்சூரன்ஸ் வேண்டாம் என்பதை ஏற்கமுடியவில்லை. இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் இடித்தாலும் கிழவரின் இடுப்பெலும்பு உடையும். அத்தனைக்கும் வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றிக் கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். பதிவு எண்ணே இல்லாத வண்டி இடித்துவிட்டுப் போனால் யாரைத் தேடுவது? பதிவு பெறும் மின்வண்டியில் 3 கிலோவாட்டுக்கு உட்பட்டதற்கு மூன்றாம் நபர் பிரீமியம் 457 ரூபாய்தான். அதிலும் குறைத்து ஒரு தொகையை வாங்கும்போதே விலையோடு சேர்த்து வசூலித்துவிடலாம்.

வாங்கும்போதே வசூலிப்பது நம் நாட்டில் செய்து பார்த்த வழிதான். கோயம்புத்தூர் எலும்பு சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புது இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை ஒரே தவணையில் எடுக்கவேண்டும் என்றது. 2018 செப்டம்பர் 1 முதல் நடைமுறை. கட்டாயக் காப்பீட்டு வரலாற்றில் இதைவிடப் பயன்தரும் மாற்றம் இல்லை என்பேன். உடைந்த எலும்புகளைச் சேர்த்த கைக்குத்தான் இந்தத் தேவை முதலில் தெரிந்திருக்கிறது. ஆனால் ஆறாவது வருடம் என்ன ஆகிறது? ஐந்தாண்டு முடியும் நேரத்தில்தான் வண்டி நகரத்திலிருந்து கைமாறிக் கிராமத்துக்கு வருகிறது. புது உரிமையாளருக்குப் பாலிசி முடிந்ததைச் சொல்லும் குறுஞ்செய்தி பழைய உரிமையாளரின் போனுக்குப் போகும். நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் காப்பீடு இல்லாதவை என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே 2024-இல் கவலைப்பட்டது.

இதற்கு அபராதம் மருந்தாகுமா? காப்பீடு இல்லாத வண்டிக்கு முதல் முறை 2,000 ரூபாய். வாகனத் தணிக்கையில் அதைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவர் இன்னமும் காப்பீடு இல்லாமல்தான் போகிறார். பிரீமியத்தைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கட்டிய பிறகும். அந்தப் பணத்தில் 714 ரூபாயை எடுத்து அங்கேயே ஒரு பாலிசி போட்டுக் கொடுத்தால் அரசுக்கு என்ன குறையும்? தென்னாப்பிரிக்காவில் பெட்ரோல் விலையிலேயே ஒரு வரியைச் சேர்த்து விபத்து நிதியத்தை நடத்துகிறார்கள். காயத்துக்கும் சாவுக்கும் ஈடு கொடுக்க அங்கு வண்டிக்கொரு பாலிசி தேவையில்லை. நாமும் அப்படிச் செய்யலாமே என்று தோன்றும். அந்த நிதியம் கடனில் தத்தளிக்கிறது என்பதையும், ஜப்திக்கு ஆளாகும் நம் பேருந்துக் கழகத்தையும் சேர்த்து நினைத்தால், அரசு நிதியத்தை நம்புவதைவிட ஆளுக்கொரு பாலிசியே மேல் என்று படுகிறது.

அபராதத்தால் முடியாததை ஒரு மானியம் செய்தது: மக்களை ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலுக்கு வரவழைத்தது. 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் கிடைத்தது. ஓட்டுநர் உரிமம் நிபந்தனை, பிறகு எல்.எல்.ஆர். இருந்தாலும் போதும் என்றார்கள். விண்ணப்பக் காலத்தில் பெண்கள் கூட்டத்தை ஆர்.டி.ஓ. ஆபீஸ்கள் சமாளிக்க முடியாமல் திணறின. ஆட்சி மாறியபின் திட்டம் கைவிடப்பட்டது. அதில் அரசியல் பேச நிறைய உண்டு. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: லைசென்ஸால் உடனே கிடைக்கும் பலனைக் காட்டினால் மக்கள் தாமாக வந்து நிற்கிறார்கள். திண்டிவனத்துக்கு டி.என்.16, விழுப்புரத்துக்கு டி.என்.32 என்று தனித்தனி அலுவலகம் இருந்தும், மரக்காணத்து உப்பளத் தொழிலாளி எட்டு போட்டுக் காட்ட ஒரு நாள் கூலியை விடவேண்டும். மாதம் ஒரு நாள் அலுவலகம் அவர் ஊர்ப்பக்கம் வரலாம்.

மேல்மருவத்தூர் திண்டிவனத்திலிருந்து தூரமில்லை. 2021 டிசம்பர் 18 அன்று அங்குதான் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கியது. அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். ஒரு லட்சம் வரை என்று ஆரம்பித்தார்கள். எந்த மாநிலத்துக்காரர், கையில் காப்பீட்டு அட்டை உண்டா என்ற கேள்விகள் எதுவும் அங்கு இல்லை. உயிரைக் காக்கும் நேரத்தில் அரசு தாளைப் பார்க்கவில்லை. அதற்காக அதைப் பாராட்டியே ஆகவேண்டும். ஆனால் 49-ஆம் மணி நேரத்திலிருந்து தாள்தான் பேசும். கால் போனவரின் அடுத்த இருபது வருடக் கூலிக்கு எந்த 48 மணி நேரமும் பதில் சொல்லாது.

ஆகவே என் தீர்ப்பு இது. மொபெட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் காப்பீட்டையும் லைசென்ஸையும் கட்டாயமாக்கியது சரி, தளர்த்தக் கூடாது. ஆனால் இன்றைய வடிவில் அந்தக் கட்டாயம் அரைச் சட்டம். பின்னால் உட்காருபவரை அடிப்படைப் பாலிசிக்குள் கொண்டுவராதவரை, குடும்பத்தை ஏற்றிப் போகும் ஊரில் அதற்கு முழு நியாயம் இல்லை. மொபெட் பாலிசியிலிருந்து சரக்குத் தடை வரியை எடுக்கவேண்டும். 50 சி.சி. சலுகையை நீக்கிவிட்டு, வேகத்தை அளவுகோலாக வைத்துப் பதினாறு வயதுக்குப் புதிய வகுப்பு எழுதவேண்டும். பேட்டரி வண்டிக்கும் எண்ணும் காப்பீடும் வேண்டும். அரசுப் பேருந்துக்குத் தந்த விலக்கை, நிதியம் உரிய நாளில் பணம் கொடுக்கும்வரை நிறுத்தி வைக்கவேண்டும். இவற்றில் கடைசியைச் செய்ய மாநில அரசே போதும், நாடாளுமன்றத்துக்குப் போகவேண்டியதில்லை.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வண்டி சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருக்கும் பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பிரியுங்கள். அதில் இருக்கும் பெயரும் ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா, முடியும் தேதி என்ன, உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீட்டுக்குப் பிரீமியம் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். 'லயபிலிட்டி ஒன்லி' என்று போட்டிருந்தால், உங்கள் தவறால் வண்டி விழும்போது பின்னால் இருக்கும் உங்கள் மனைவிக்கு அந்தத் தாள் ஒரு ரூபாயும் தராது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது ஏஜென்ட்டிடம் பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள்.